தேர்தல் விளம்பரத்தில் எதை நம்புகிறோம், எதைப் பொய் என்கிறோம்?

தாழம்பூ | ஞாயிறு, இரவு 9.10

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஒரு தேர்தல் சமயத்தில் ஒரே நாளில் இரண்டு நோட்டீஸ் வீட்டுக்கு வந்தன. ஒன்று வழவழ தாளில், ஐந்து வருஷத்தில் தொகுதிக்கு இத்தனை நூறு கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் கொண்டுவந்தோம் என்று பட்டியல் போட்டது. இன்னொன்று சாதாரணத் தாள். அதில் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் படம், கீழே “கட்டி முடித்தோம்” என்ற வரி. அம்மாவுக்கு அப்போது 71 வயது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “இது நம்ம தொட்டிதானே?” என்று கேட்டார். மறுநாள் காலையில் பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் நின்று தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். தொட்டி நிற்கிறது. நீலப் பெயின்ட் அடித்து வருஷமும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவுக்கு இணைப்புக் குழாய் வராததால் எட்டு மாதமாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

வந்தவர் அந்த நோட்டீஸை விறகோடு சேர்த்துப் போட்டுவிட்டார். “பொய்யி” என்று ஒரே வார்த்தை. நான் கணக்கு டீச்சர், வாய் சும்மா இருக்காது. “அம்மா, கட்டி முடிச்சோம்னுதானே போட்டிருக்காங்க, அது நிஜம்தானே?” என்றேன். “தண்ணி வராத தொட்டியக் கட்டுனா என்ன, கட்டாட்டி என்ன” என்றார். சரி, அந்தக் கோடிக் கணக்கு? “இருக்கும். நாம என்ன எண்ணியா பாத்தோம்.”

அந்தக் கோடிக் கணக்கை நான் எண்ணிப் பார்த்தேன். மாநிலம் முழுவதற்குமான திட்டத்தின் தொகையை எங்கள் தொகுதிக் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். இரண்டு பாலங்கள் அறிவிப்போடு நின்றவை, ஒரு கல்கூட விழவில்லை. ஆக, எழுத்துப்படி உண்மையாக இருந்தது அம்மா கண்ணில் பொய்யாகிவிட்டது, பொய்யாக இருந்தது தப்பித்துப் போய்விட்டது.

அம்மா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. ஆனால் விளம்பரத்தில் இருக்கும் உண்மை வேறு, பார்க்கிறவருக்கு உண்மையாகப் படுவது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது. ஓட்டை நகர்த்துவது எது? உங்கள் ஊரில் பார்த்ததைச் சொல்லுங்கள்.


அச்சுக்கூடம் | ஞாயிறு, இரவு 10.25

டீச்சர், நான் திருச்சியில் 31 வருஷமாக அச்சகம் வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் நோட்டீஸ் மாதிரி ஆயிரக்கணக்கில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அச்சகத்துக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

தேர்தல் நோட்டீஸோ போஸ்டரோ எதுவானாலும் அச்சிடுபவர் பெயர், வெளியிடுபவர் பெயர், இருவர் முகவரி கட்டாயம் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ. வெளியிடுபவர் தன் அடையாளம் குறித்து இரண்டு பிரதியில் உறுதிமொழி தரணும், அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போடணும். அச்சடித்ததில் ஒரு பிரதியோடு அதை நாங்கள் கலெக்டருக்கு அனுப்பணும். மீறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் அறிவித்ததும் எங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

யார் அடித்தது, எத்தனை அடித்தது, யார் காசு என்று எல்லாம் கேட்பார்கள். உள்ளே எழுதியிருப்பது நிஜமா என்று இந்த 31 வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்கச் சட்டத்திலும் இடமில்லை. அதே சட்டத்தின் 123(4) பொய்யைத் தப்பு என்கிறது, ஆனால் எந்தப் பொய்? ஒரு வேட்பாளரின் சொந்த ஒழுக்கம், நடத்தை பற்றியோ, அவர் போட்டியில் நிற்கிறாரா விலகிவிட்டாரா என்பது பற்றியோ தெரிந்தே பொய் சொன்னால்தான் அது முறைகேடு. பாலம் கட்டினேன், பள்ளிக்கூடம் கட்டினேன் என்று கணக்கைக் கூட்டிச் சொன்னால் அது இதற்குள் வராது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171ஜி என்று ஒன்று இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 175. அதுவும் தனிப்பட்ட நடத்தை பற்றிய பொய்க்கு மட்டும்தான், தண்டனையும் அபராதத்தோடு சரி.

ஒரு சம்பவம், கட்சி வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு புரூஃப் பார்க்க வந்தவர் 18 கிலோமீட்டர் சாலை என்று இருந்ததை 48 ஆக்கச் சொன்னார். “அண்ணே, அந்த ரோட்டுலதான் நான் தினம் வர்றேன், அவ்வளவு கிடையாதே” என்றேன். “அந்த ரோட்டுல வர்றவன் நூறு பேரு, நோட்டீஸ் போறது முப்பதாயிரம் வீடு” என்றார். நான் மாற்றிக் கொடுத்தேன். மாற்றியிருக்கக் கூடாது. இன்றைக்கு வரை அது உறுத்துகிறது. உங்கள் அம்மா தொட்டியைப் போய்ப் பார்த்தார்கள் என்று படித்ததும் அவர் சொன்னதுதான் காதில் விழுந்தது. போய்ப் பார்க்கிற நூறு பேரை அவர் முன்கூட்டியே கழித்துவிட்டார்.


தேம்ஸ்கரை | திங்கள், அதிகாலை 2.40

நான் லண்டனுக்கு வந்து 22 வருசமாகுது. யாழ்ப்பாணத்துக்காரன், என் எழுத்து கொஞ்சம் வேற மாதிரித்தான் இருக்கும். தாழம்பூ அக்கா சொன்ன “நாம என்ன எண்ணியா பாத்தோம்” என்ற கதையைத்தான் நாங்கள் இங்கே 2016இல் ஒரு நாடு முழுக்கப் பார்த்தோம்.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற பிரெக்சிட் வாக்கெடுப்பில் வெளியேற வேண்டும் என்ற தரப்பு ஒரு சிவப்பு பஸ்ஸை ஊர் ஊராக ஓட்டியது. வாரம் 350 மில்லியன் பவுண்ட் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை நம் தேசிய சுகாதார சேவைக்குக் கொடுப்போம் என்று பஸ்ஸின் பக்கவாட்டில் பெரிய எழுத்து. அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. பிரித்தானியாவுக்கு இருந்த கழிவு, அதாவது தள்ளுபடி, காசை அனுப்புவதற்கு முன்னமே கழிக்கப்பட்டுவிடும். அது போனால் ஏறக்குறைய 250 மில்லியன்தான் மிஞ்சும். அதிலிருந்தும் விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் திரும்பி வருகிற காசு வேறு இருந்தது. நாட்டின் புள்ளிவிவர ஆணையமே வாக்கெடுப்புக்கு முன்னமே இது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று பகிரங்கமாகச் சொன்னது. ஒளித்து மறைத்து ஒன்றும் நடக்கவில்லை, பேப்பர், டிவி எல்லாவற்றிலும் வந்தது. இருந்தும் வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு இப்சோஸ் மோரி எடுத்த கணிப்பில் 47 வீதம் பேர் அந்தத் தொகை உண்மை என்று நம்பினார்கள். முடிவு 51.9க்கு 48.1, வெளியேற வேண்டும் என்ற தரப்பு வென்றது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவவோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல மனுசி, இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாவாம், “350 இல்லையென்றால் 250 ஆக இருக்கட்டுமே, அதுவும் பெரிய காசுதானே, நம் வார்டுக்கு ஆள் இல்லையே” என்று. இந்த ஒரு கதை எனக்கு நிறைய விளக்கியது. தொகை பிழை என்று அவவுக்குத் தெரியும். ஆனால் வார்டில் ஆள் இல்லை என்பது கண்ணால் பார்க்கிற உண்மை. பஸ்ஸில் எழுதியிருந்த பொய் அந்த உண்மையின் தோளில் ஏறி வந்தது.

அந்தப் பிரசாரத்தை நடத்திய டொமினிக் கம்மிங்ஸ் பிறகு தானே எழுதினார், இந்தத் தொகையும் சுகாதார சேவையும் இல்லாமல் தாங்கள் வென்றிருக்க முடியாது என்று. எதிர்த்தரப்பு அந்த எண்ணை மறுக்க மறுக்க, வாரம் ஒரு பெரிய காசு போகுது என்ற பேச்சுத்தான் நாள் முழுக்க ஓடியது. 350 சரியா 250 சரியா என்று சண்டை பிடித்தவர்கள் எல்லாரும் அந்த பஸ்ஸுக்கு இலவசமாக டீசல் அடித்தார்கள். நானும் அடித்தேன். தெருவில் நின்று வாதாடினேன்.

இன்னொன்று. இங்கே டிவியில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் போட முடியாது, தடை. ஆனால் பஸ்ஸிலும் சுவரிலும் இணையத்திலும் போடலாம். சவர்க்கார விளம்பரம் பொய் சொன்னால் முறையிட ஒரு அமைப்பு இருக்கு. அரசியல் விளம்பரம் 1999இலிருந்து அதன் எல்லைக்குள் வராது.


ஒன்பதாம்_வாய்க்கால் | திங்கள், காலை 7.15

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

நாம் எல்லாரும் விளம்பரத்துக்கு ரொம்பப் பெரிய சக்தி இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறோம். அமெரிக்காவில் காப்பக், ஹில், வாவ்ரெக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2016 அதிபர் தேர்தலில் வந்த 49 விளம்பரங்களை எடுத்து, 59 சோதனைகளில் 34,000 பேரிடம் காட்டிப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். வேட்பாளர் மீதான அபிப்பிராயம் நகர்ந்தது மிகமிகச் சின்ன அளவு. யாருக்கு ஓட்டு என்பதில் சராசரியாக ஒரு சதவீதம்கூட மாற்றமில்லை. நல்ல விளம்பரம், தாக்கும் விளம்பரம், சொந்தக் கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் ஊரில் கூட்டணி, சாதி, வேட்பாளர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்தாரா, கடைசி நாள் ராத்திரி கவர் வந்ததா, இதெல்லாம் முடிவு செய்கிற இடத்தில் நோட்டீஸில் போட்ட எண் என்ன செய்துவிடும்?

சிலர் 2004இல் மத்தியில் ஆண்ட பாஜக அணி போட்டுத் தோற்ற ‘இந்தியா ஒளிர்கிறது’ விளம்பரத்தை உதாரணம் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் அந்த வருஷம் 39 தொகுதியும் திமுக அணிக்குப் போனது. அதற்கு அந்த விளம்பரமா காரணம்? பாஜகவோடு சேர்ந்து நின்ற அதிமுகவின் மாநில அரசு, முந்தைய வருஷம் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் ஒன்றே முக்கால் லட்சம் பேரை ஒரே அடியாக வேலையை விட்டு எடுத்ததும், எதிரே பெரிய கூட்டணி அமைந்ததும்தான் காரணம் என்று அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்ட யாரும் சொல்வார்கள்.


தாழம்பூ | திங்கள், காலை 8.05

பள்ளிக்குக் கிளம்பும் அவசரம், ரெண்டு வரி. வாய்க்கால் சார், அந்தச் சோதனைகளில் ஒரு விளம்பரத்தைக் காட்டிவிட்டுச் சீக்கிரமே கேள்வி கேட்கிறார்கள். ஒரு பேச்சு மாதக் கணக்கில் ஊருக்குள் ஊறுவதை அது அளக்குமா? அப்புறம், ஒரு சதவீதம் சின்னது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நம் சட்டமன்றத் தொகுதிகளில் சில நூறு ஓட்டில் ஜெயித்தவர்கள் எத்தனை பேர்!


குறுவை | திங்கள், மதியம் 1.30

2004 பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கம், ஏழு ஏக்கர் நிலம். நான் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவன்தான். வாய்க்கால் தம்பி சொன்ன காரணங்களை மறுக்கவில்லை. ஆனாலும் அந்த விளம்பரம் எங்கள் மத்தியில் என்ன செய்தது என்று ஒருவர் சொல்லியாக வேண்டும்.

அதில் வந்த தகவல் பொய்யில்லை. அந்த வருஷம் நாட்டின் பொருளாதார வளர்ச்சி 8 சதவீதத்தைத் தொட்டது, நாலுவழிச் சாலை போட்டார்கள், எல்லார் கைக்கும் போன் வந்துகொண்டிருந்தது. எழுத்துப்படி உண்மை. ஆனால் எங்களுக்கு 2002, 2003 இரண்டு வருஷமும் மேட்டூர் ஜூன் 12இல் திறக்கவில்லை. குறுவை போயிற்று, சம்பாவும் கருகிற்று. பம்புசெட் இல்லாதவன் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கடைத்தெரு டீக்கடையில் டிவியில் அந்த விளம்பரம் வரும். சிரித்த முகங்கள், பளபளப்பு. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்ப்போம். ஒருவரும் “பொய்” என்று சொன்னதாக நினைவில்லை. பெரியவர் ஒருவர் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். அவருக்கு அப்போது கூட்டுறவு சங்கத்தில் நகை இருந்தது.

பொய் விளம்பரத்தைக்கூட ஜனங்கள் மன்னித்துவிடுகிறார்கள். “உன் கதை எனக்குத் தெரியாது” என்று காட்டிவிடுகிற விளம்பரத்தைத்தான் மன்னிப்பதில்லை. பின்னாளில் அத்வானியே அந்த வாசகம் தேர்தலுக்குப் பொருந்தாமல் போனதை ஒப்புக்கொண்டார்.


படிக்கணக்கு | திங்கள், மாலை 6.50

பேத்திதான் எழுதிக் கொடுக்கிறாள், நான் சொல்லச் சொல்ல. வயது 76.

1967இல் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை. எனக்கு ஓட்டு இல்லை, அப்போதெல்லாம் 21 ஆனால்தான். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அரிசித் தட்டுப்பாடு. வரிசையில் நிற்பது என் வேலை. விடியற்காலை மூன்று மணிக்குத் துணிப்பையை வைத்து இடம் பிடிப்போம், பைக்கு மேல் ஒரு கல். திரும்பி வரும்போது கல் இருக்கும், பை இருக்காது. அப்படி ஒரு காலம்.

அப்போதுதான் திமுக சுவரெல்லாம் எழுதியது: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். நீங்கள் எல்லாரும் இந்த வரியைக் கேட்டிருப்பீர்கள், ஆனால் அந்த இரண்டாவது பாதியின் அருமை வரிசையில் நின்றவனுக்குத்தான் தெரியும். வெறுமனே மூன்று படி என்று மட்டும் எழுதியிருந்தால் என் அப்பா அந்தச் சுவரைத் தாண்டிப் போயிருப்பார். அவர் காங்கிரஸ்காரர், கதர் கட்டியவர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “மூணு ஆகாதுன்னு அவனே சொல்லிட்டான், ஒண்ணு நிச்சயம்ங்கிறான்” என்றார். தன்னால் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொன்னதால் மிச்சத்தை நம்பினார். அந்தத் தேர்தலில் முதல் தடவையாகக் கட்சி மாறி ஓட்டுப் போட்டார்.

அண்ணாதுரை முதலமைச்சர் ஆனதும் அந்த ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நான் போய் வாங்கி வந்தேன். ஒரு ரூபாய் கொடுத்தேன், படியில் அளந்து போட்டார்கள். அம்மா வீட்டில் எங்கள் படியில் மறுபடி அளந்து பார்த்தாள். அப்புறம் அரசாங்கத்துக்குச் செலவு தாங்கவில்லை, மாநிலம் முழுக்கப் போகவில்லை, நாளடைவில் நின்றும் போனது. அதனால் எதிர்க்கட்சியார் ஏமாற்று என்று பேசினார்கள், மற்ற மாவட்டத்துக்காரருக்கு அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது நிஜம், அளந்து பார்த்த நிஜம். ஒரே சுவர் வாசகம், கோவையில் உண்மை, மதுரையில் பொய்.

2006ஐயும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷத் திமுக தேர்தல் அறிக்கையில் கலர் டிவி, கிலோ இரண்டு ரூபாய் அரிசி, நிலமில்லாத விவசாயக் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் என்று மூன்றும் இருந்தன. அரிசி ஆட்சி வந்த கொஞ்ச நாளிலேயே வந்துவிட்டது, 2008இல் ஒரு ரூபாய் ஆனது. டிவி அந்த செப்டம்பரிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். நிலம்தான் பேசிய அளவுக்கு வரவில்லை. தரிசு என்று கணக்கில் இருந்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே சிறு விவசாயிகள் கையில் இருந்த பட்டா நிலம். ஆனால் 2011இல் எங்கள் தெருவில் நிலத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அரிசியும் டிவியும் வந்தன, சொன்னதைச் செய்தார்கள் என்றே எல்லாரும் சொன்னார்கள், இருந்தும் அந்தத் தேர்தலில் ஆட்சி போனது. ஆகவே உண்மையாக நடந்துகொண்டால் ஓட்டு நிச்சயம் என்றும் நான் சொல்ல மாட்டேன். மின்வெட்டு எல்லாவற்றையும் தின்றுவிட்டது.


தெற்குவானம் | செவ்வாய், காலை 5.20

தாத்தா, உங்கள் அம்மா மறுபடி அளந்து பார்த்ததை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பேத்திக்கும் நன்றி.

நான் அடிலெய்டில் இருக்கிறேன். அச்சுக்கூடம் அண்ணன் சொன்னாரே, உள்ளே எழுதியது நிஜமா என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று. இங்கே தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் அப்படி ஒரு இடம் இருக்கிறது. 1985ஆம் வருஷத் தேர்தல் சட்டம், பிரிவு 113. உண்மைத் தகவல் என்ற தோரணையில் ஒரு விளம்பரம் சொல்வது கணிசமாகப் பிழையாகவும் மக்களைத் திசைதிருப்புவதாகவும் இருந்தால் அது குற்றம். யார் வேண்டுமானாலும் தேர்தல் ஆணையருக்குப் புகார் எழுதலாம். அவர் விசாரித்து, விளம்பரத்தை எடு, மறுப்பு வெளியிடு என்று கேட்பார். கேட்காவிட்டால் மாநில உச்ச நீதிமன்றம் போகலாம். கருத்துக்கும் வாக்குறுதிக்கும் இது பொருந்தாது. “எதிராளி திறமை இல்லாதவர்” என்று தாராளமாகச் சொல்லலாம். தகவல் என்று சொன்னால்தான் கணக்குக் காட்டணும்.

ஆஸ்திரேலிய மத்திய அரசும் 1983இல் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது, அடுத்த வருஷமே ரத்து செய்துவிட்டது. ஒரு தேர்தலைக்கூட அது பார்க்கவில்லை. உண்மை எது என்று அதிகாரி தீர்ப்புச் சொல்வது ஆபத்து என்றார்கள்.

இந்தச் சட்டத்தால் ஓட்டு மாறுகிறதா என்றால், 2022 மாநிலத் தேர்தலைச் சொல்லணும். நோயாளியை இறக்க இடமில்லாமல் ஆம்புலன்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே மணிக்கணக்கில் நிற்பது அப்போது இங்கே பெரிய பிரச்சினை. எதிர்க்கட்சியாக இருந்த லேபர், நிலைமை முன்னெப்போதையும் விட மோசம் என்று விளம்பரம் போட்டது. அதற்கு முன்னால் ஏதோ ஒரு மாதம் இதைவிட மோசமாக இருந்தது என்பதால் அது பிழை, திரும்பப் பெறு என்று ஆணையம் சொல்லிவிட்டது. செய்தியிலும் வந்தது. லேபர் ஜெயித்தது. அந்தச் சமயம் என் மாமனாருக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றே முக்கால் மணி நேரம் வண்டிக்குள்ளேயே இருந்தோம், முன்னால் இன்னும் ஆறு வண்டிகள். “முன்னெப்போதையும் விட” என்ற வார்த்தை பிழை என்று ஆணையம் சொன்னபோது அது சரியான தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த ராத்திரியை அனுபவித்த எனக்கு அந்த விளம்பரம் பொய் சொன்னதாகத் தோன்றவே இல்லை. இரண்டும் ஒரே மனசுக்குள் இருந்தன.


அச்சுக்கூடம் | செவ்வாய், காலை 10.40

தம்பி, அந்தச் சட்டம் நம் ஊருக்கு வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான். புரூஃபைத் திருத்தச் சொல்கிறவரிடம் “சட்டம் இருக்குண்ணே” என்று காட்ட எனக்கு ஒரு தாள் கிடைக்கும். ஆனால் பயமும் இருக்கிறது. இங்கே யார் தீர்ப்புச் சொல்வது? டிவி விளம்பரத்துக்கு 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து முன்சான்று வாங்கணும், மாவட்டத்துக்கு மாவட்டம் கமிட்டி இருக்கிறது. இணைய விளம்பரமும் பிற்பாடு அதில் வந்தது. நாளிதழ் விளம்பரத்துக்கு ஓட்டுப்பதிவு நாளும் முந்தின நாளும் மட்டும் முன்சான்று, 2015 பீகார் தேர்தலில் கொண்டுவந்த வழக்கம். இவற்றில் எல்லாம் மதத்தை இழிவுபடுத்துகிறதா, கலவரம் தூண்டுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கிலோமீட்டர் கணக்கை டேப் வைத்து அளக்க அவர்களுக்கு நேரமும் கிடையாது, ஆளும் கிடையாது.

வாக்குறுதிக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பணம் எங்கிருந்து வரும் என்று தேர்தல் அறிக்கையில் கோடிகாட்ட வேண்டும் என ஆணையம் நெறிமுறை வைத்தது. அந்தப் பக்கத்தை நிரப்பி என்னிடம் அச்சுக்குக் கொண்டுவந்த ஒரு உள்ளூர் வேட்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.


மின்மினி | செவ்வாய், மதியம் 3.15

எல்லாரும் நோட்டீஸையும் சுவரையும் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 24 வயது. நான் போன தேர்தலில் ஒரு நோட்டீஸ்கூடக் கையில் வாங்கவில்லை. எல்லாம் போனில்தான்.

போனில் வருகிற விளம்பரத்தில் என்ன பிரச்சினை என்றால், போய்ப் பார்க்க அங்கே தொட்டியே இல்லை. ஒரே விஷயம் பத்து பேரிடமிருந்து வரும். 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ என்ற ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இன்றைக்கும் நிற்கிறது. ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், நிஜமோ பொய்யோ, அது நிஜமாகத் தோன்ற ஆரம்பிக்கும். என் சித்தப்பா ஃபார்வர்டு அனுப்பும்போது எப்போதும் சொல்வது, “எல்லாரும் அனுப்புறாங்கம்மா, சும்மாவா அனுப்புவாங்க?” என்பதுதான்.

திருத்தம் அனுப்பினால் கேட்கிறார்களா என்றால், கேட்கிறார்கள், அதுதான் விசித்திரம். நைஹன், போர்ட்டர், ரீஃப்ளர், வுட் நாலு பேரும் 2016இல் டிரம்ப் சொன்ன தவறான தகவலுக்குத் திருத்தம் காட்டிப் பார்த்தார்கள். அவர் ஆதரவாளர்களே “ஆமாம், தகவல் தப்புதான்” என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்மேல் இருந்த அபிப்பிராயம் அசையவில்லை. என் சித்தப்பாவும் அப்படியே. “அந்த போட்டோ பழசுதான், சரி. ஆனா விஷயம் நிஜம்” என்பார்.

இன்னொன்று. 2024 ஜனவரியில் ஒரு விழாவில் கலைஞர் ஏஐ உருவத்தில் பேசினார், அடுத்த மாதம் அதிமுக பக்கம் ஜெயலலிதா குரலை அதேபோல் உருவாக்கி வெளியிட்டார்கள். இரண்டும் செயற்கை என்று எல்லாருக்கும் தெரியும், யாரையும் ஏமாற்ற முடியாது. இருந்தும் என் பாட்டி அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார். “அவங்க இல்லன்னு தெரியும்டி, ஆனா அவங்க சொல்ற மாதிரியே இருக்கே” என்றார். அந்தக் குரல் சொன்ன விஷயம் நிஜமா பொய்யா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை செயற்கை என்று சொல்லாமலேயே அனுப்பினால் என்ன செய்வது என்ற பயம்தான் இப்போது.


ஒன்பதாம்_வாய்க்கால் | செவ்வாய், இரவு 8.30

மின்மினி சொன்ன நாலு பேர் ஆய்வு என் பக்கம்தான் சேர்கிறது, தகவலைத் திருத்தினாலும் ஓட்டு நகரவில்லை. ஆனால் தாத்தா எழுதியதைப் படித்த பிறகு பழைய உறுதி எனக்கு இல்லை. கதர் கட்டியவர் கட்சி மாறினார் என்றால் அதற்குப் பசி காரணமாக இருக்கலாம். பசித்த எத்தனையோ பேருக்கு நடுவில் எந்தச் சுவரை நம்புவது என்று முடிவு செய்ய “நிச்சயம்” என்ற சொல் உதவியிருக்கிறது. அதை நான் எந்தச் சதவீதத்தில் வைப்பேன்? தெரியவில்லை. டீச்சர் சொன்ன சில நூறு ஓட்டு விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.


தாழம்பூ | புதன், இரவு 9.45

எல்லாருக்கும் நன்றி. இன்று சாயந்திரம் அம்மாவிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். பஸ் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவின் அம்மா மறுபடி அளந்து பார்த்த இடத்தில் மட்டும் “எங்கம்மாவும் அளக்கும்” என்றார்.

அப்புறம் நானே கேட்டேன், அந்தக் கோடிக் கணக்கு நோட்டீஸைப் பற்றி. அது தப்பு என்று நான் கூட்டிக் கழித்துச் சொன்னேனே, ஏன் அதன்மேல் கோபம் வரவில்லை என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கோடின்னா எவ்வளவுன்னு எனக்கு யாரும் சொல்லலியே” என்றார்.

நான் 19 வருஷமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். இலக்கம் எழுத, பூஜ்ஜியம் எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒரு கோடி ரூபாயில் எத்தனை தெருவுக்குக் குழாய் போடலாம் என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்று ராத்திரி தொட்டி கட்டிய செலவை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் இருந்து எடுத்து, எங்கள் தெருவின் நீளம், குழாய் ஒரு மீட்டர் என்ன விலை என்று விசாரித்து ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு ஏழாம் வகுப்புக்கு அதுதான் முதல் கணக்கு. அச்சுக்கூடம் அண்ணா, குழாய் விலை திருச்சியில் என்ன என்று யாரிடமாவது கேட்டுச் சொல்ல முடியுமா? இங்கே கடைக்காரர் சொன்ன விலை சரியா என்று ஒப்பிட்டுக்கொள்கிறேன்.


அச்சுக்கூடம் | புதன், இரவு 10.20

பக்கத்துக் கடை ஹார்டுவேர்தான். காலையில் திறந்ததும் கேட்டு எழுதுகிறேன். எத்தனை அங்குலக் குழாய் என்று சொல்லுங்கள்.